சிலைக்குப் பதிலாக வந்த இவான் தாமஸ்

வேல்ஸ் நாட்டில் தெர்வென் என்கிற சுரங்கப் பள்ளத்தாக்கில், ஊருக்குப் பெருமை தேடித்தந்த இவான் தாமஸின் சிலையை மூடியிருந்த துணியை இழுத்தபோது உள்ளே வெண்கலம் இல்லை, இவான் தாமஸேதான் நின்றுகொண்டிருந்தார், முப்பது முப்பத்தைந்து வயது ஆளாக, காலர் இல்லாத சட்டையும் தட்டைத் தொப்பியுமாக, மழையில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் "பாவம், கோட்டு இல்லாம நிக்காரே" என்றாள். உடனே நாலைந்து பேர் தங்கள் கோட்டைக் கழற்ற, நகரசபைத் தலைவர் இட்ரிஸ் தன்னுடையதைத்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்துப் போட்டுவிட, வாத்தியக்காரர்கள் ஒத்திகை பார்த்து வந்ததை வீணாக்காமல் வாசித்து முடித்தார்கள். சிலை செய்த சிற்பி மட்டும் தன் வெண்கலம் எங்கே போயிற்று என்று மேடைக்குப் பின்னால் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

நான் அந்தக் கூட்டத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் ஆசீர் அந்த ஊருக்கு டாக்டர். அந்தப் பள்ளத்தாக்குகளின் மழைக்கும் கரித்தூசிக்கும் அவர்கள் நாட்டு டாக்டர்களே வர யோசித்த காலம் அது, பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் போனோம். அந்த ஊர்க்காரர்கள் வெல்ஷும் ஆங்கிலமும் கலந்து பேசினார்கள். ஆனால் அவர்கள் பேச்சை எங்கள் ஊர்ப் பேச்சில்தான் நான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் பாதி வம்பும் பாதி பாசமுமாக, கடைசி வார்த்தையை ஒரு இழுப்பு இழுத்து அவர்கள் பேசுவது எனக்கு வேறு எந்தத் தமிழிலும் வராது.

அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, பெயருக்குத்தான் பஞ்சம். தாமஸ், ஜோன்ஸ், டேவிஸ் என்று கை விரலுக்குள் அடங்குகிற பெயர்களை வைத்துக்கொண்டு மொத்தப் பள்ளத்தாக்கும் தலைமுறை தலைமுறையாகச் சமாளித்து வந்தது. எங்கள் தெருவிலும் மூன்று ஞானராஜ் உண்டு, நெட்டை ஞானராஜ், சொட்டை ஞானராஜ், தபால் ஞானராஜ். அதுபோலத்தான் இங்கேயும். ரொட்டிக்கடை வைத்திருந்த நகரசபைத் தலைவர் இட்ரிஸ் ரொட்டி, பால்காரர் ஜோன்ஸ் பால், பெட்டி செய்கிறவர் டேவிஸ் சவப்பெட்டி, போன முதல் வாரத்திலேயே என் கணவர் ஆசீர் ஊசி. ஒருவருக்கு இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டதென்றால் அம்மா அப்பா வைத்த பெயர் கல்லறைக் கல்லில் மட்டும்தான் மிஞ்சும்.

சதுக்கத்தில் ஏற்கெனவே அந்த ஊர்ப் பெரியவர்கள் சிலர் நின்றார்கள். வைக்கோல் போரின் மேல் ஏறிப் பிரசங்கம் பண்ண ஆரம்பித்து, இறங்க மறந்து, கேட்க வந்தவர்களின் ஆடுகள் அங்கேயே குட்டி போடும்வரை பேசிய ஹவெல் பாதிரியார். கப்பல் தலைவனான புருஷன் நடுக்கடலில் செத்துப்போக, அவன் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு கப்பலைத் தென் அமெரிக்காவில் கொண்டுபோய்ச் சேர்த்து, வெல்ஷ்காரர்கள் குடியேறிய அந்த வறண்ட நிலத்தில் பள்ளிக்கூடமும் வைத்த மார்கெட் என்பவள். ஐந்தடி உயரம்கூட இல்லாமல் குத்துச்சண்டையில் ஆறடிக்காரர்களைச் சாய்த்துவிட்டு ஊருக்குத் திரும்பித் தள்ளுவண்டியில் மீன் விற்ற டாய். இவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்னால் ஒரு இளவரசனுக்கு யாழ் வாசித்து, அவன் தோற்றபிறகு ஜெயித்தவனுக்கு வாசிக்கமாட்டேன் என்று விரல்களை மடக்கிக்கொண்ட ஒருவன், அவன் பெயரே யாருக்கும் தெரியாது, அதனாலேயே அவனை எல்லோருக்கும் பிடிக்கும். அவர்களெல்லாம் கல்லாகவும் வெண்கலமாகவும் ஒழுங்காக நின்றார்கள். உயிரோடு வந்தவர் இவான் தாமஸ் ஒருவர்தான்.

இவான் தாமஸ் என்றால் சேப்பல் என்று அவர்கள் சொல்கிற சின்னக் கோயிலில் ஆர்கன் வாசித்தவர், அந்த ஊரில் யார் செத்தாலும் குழியருகே பாடுகிற ராகத்தைப் போட்டவர். அந்த ராகம் கப்பலேறி எங்கெங்கோ போயிருந்தது. நானே அதைச் சின்ன வயதில் பாளையங்கோட்டையில் தமிழ் வார்த்தைகளோடு பாடியிருக்கிறேன், எங்கள் ஊர்ச் சரக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் எப்படி வந்தார் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. வந்துவிட்டார், அடுத்து ஆகவேண்டியதைப் பார்க்க வேண்டாமா? நகரசபை கூடியது. இவர் சிலையா, குடியிருப்பவரா என்பதுதான் பேச்சு. சிலை என்றால் மேடையில் நிற்க வேண்டும், குடியிருப்பவர் என்றால் மேடையில் நிற்கக்கூடாது. கடைசியில் வெளியூரிலிருந்து பஸ்ஸில் ஆட்கள் வருகிற சனிக்கிழமை காலைகளில் மட்டும் நின்றால் போதும் என்று முடிவாயிற்று, அவரும் சரி என்றார். ஆசீர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, கரித்தூசி இருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்று இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார்.

"செத்துப்போன ஆளுக்கு இருமல் மருந்தா?" என்றேன்.

"இருமுதாருல்லா, வேற என்னத்தக் குடுக்க?" என்றார் ஆசீர்.

சேப்பலில் ஆர்கன் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். பக்கத்து வீட்டு மாட்டைக் கறக்கச் சொன்னதுபோல் அவர் அதைப் பார்த்தார். "கை மறந்துபோச்சு" என்றார். இத்தனை வருஷம் மண்ணுக்குள் கிடந்தால் யாருக்குத்தான் மறக்காது என்று ஊர் சொல்லிக்கொண்டது. பழைய படத்தில் இருந்த தாடி எங்கே என்று ஒரு குழந்தை கேட்டதற்கு, தாடிதான் முதலில் மக்கும் என்று டேவிஸ் சவப்பெட்டி தொழில் தெரிந்தவராக விளக்கம் சொன்னார். ஒருவரை நமக்குப் பிடித்துவிட்டால் அவருக்காக நாமே வக்கீல் வேலை பார்க்கிறோம், இது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் அவர் பாடினார். வாசிக்க வராவிட்டால் பாடட்டும் என்று யாரோ சொல்ல, எழுந்து நின்று வாயைத் திறந்தார், மேல்ஸ்தாயியில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாடகர் குழுவிலேயே மூத்தவரான குவிலிம், சுரங்கத்திலேயே முதுகு வளைந்துபோன கிழவர், பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அவரையே வெகுநேரம் பார்த்தார்.

தங்குவதற்கு அவரை நெஸ்டாவின் வீட்டில் விட்டார்கள். சதுக்கத்துக்கு அடுத்த வீடு அதுதான், மாடியில் ஓர் அறையும் சும்மா கிடந்தது. அதோடு, நெஸ்டா முடியாது என்று சொல்லமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும், அந்த ஊரில் எதற்கும் முடியாது என்று சொல்லும் தைரியம் அவளுக்கு இருந்ததில்லை.

நெஸ்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு எழுபதுக்கு மேல். ஊரில் அவளுக்குப் பெயர் நெஸ்டா பின்வாசல். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, கூலியைக் குறைத்ததற்காகச் சுரங்கத்தார் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க அடுப்பு எரியாமல், கிழங்குத் தோலை வேகவைத்துத் தின்று தாக்குப்பிடித்தார்கள். அப்போது அவள் அப்பா சுரங்கத்தின் பின்வாசல் வழியாக வேலைக்கு இறங்கிவிட்டார். அவர் இறங்கியதைப் பார்த்து இன்னும் சிலர் இறங்கினார்கள், வேலைநிறுத்தம் உடைந்தது, எல்லோரும் குறைந்த கூலிக்கே திரும்பிப் போனார்கள். ஊர் வேலைக்குத் திரும்புவதற்குள், கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே, சுரங்கக் கூரை சரிந்து அவர் செத்தும்போனார், குழியருகே ஒருவரும் போய்ப் பாடவில்லை. அன்றிலிருந்து அவரைப் பின்வாசல் என்றார்கள், அதுவும் பேசியே ஆகவேண்டிய சமயத்தில் மட்டும். நெஸ்டா கடைக்குள் நுழைந்தால் நடந்துகொண்டிருக்கும் பேச்சு நின்றுவிடும். சாமானைக் கொடுப்பார்கள், முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அவள் வீட்டு வாசற்படியை யாரும் தாண்டியதில்லை. நான் புதிது, தெரியாமல் தாண்டிவிட்டேன். விஷயம் தெரிந்தபோது என் கிண்ணங்கள் அவள் வீட்டிலும் அவள் கிண்ணங்கள் என் வீட்டிலும் இருந்தன. நான் அவளை நெஸ்டாக்கா என்று கூப்பிட்டேன், அக்கா என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டபிறகு வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவள் திரும்பவில்லை.

இப்போது பெரிய மனிதரைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் வீட்டுக்குள் போகவேண்டியதாயிற்று. முதலில் வாசலில் நின்று பார்த்தார்கள். மழை பெய்ததால் நடைக்கு வந்தார்கள். குளிர்ந்ததால் அடுப்படிக்கு வந்தார்கள். அடுப்படிக்கு வந்தவர்களுக்கு நெஸ்டா உலர்பழம் போட்ட ரொட்டியை அறுத்து வெண்ணெய் தடவிக் கொடுத்தாள், இட்ரிஸ் ரொட்டியே அதைத் தின்றுவிட்டு, "இதுல தேயிலைத் தண்ணிய ஊத்தியா பழத்த ஊறவைக்க?" என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அவள் உள்ளே போய்ச் சேலைத் தலைப்பில் நம்மூர்ப் பெண்கள் துடைப்பதுபோல ஏப்ரனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஆமாம் என்றாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஊர்ப் பெண்கள் அவள் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டு, ஒருத்தி மருமகளைப் பற்றி ஒருத்தி பேசிக்கொண்டிருந்தார்கள். நெஸ்டா புதிதாகக் கோப்பைகள் வாங்கினாள். எழுபது வயதுக்கு மேல் ஒரு பெண் அழகாவதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் நானும் அவளும் சூப்புக்கு, பெரிய வெங்காயத்தாள் போலிருக்கிற லீக் தண்டு அரிந்துகொண்டிருந்தோம். அவர் மாடியில் இருமிக்கொண்டிருந்தார்.

"ஏ பிள்ள ரூபி, உங்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லுதேன்" என்றாள். "இவரு ராகம் போட்ட இவான் தாமஸ் இல்ல."

"பின்ன யாரு?"

"எங்க அப்பா."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவள் அப்பாவின் பெயரும் இவான் தாமஸ்தான். பின்வாசல் பின்வாசல் என்று சொல்லிச் சொல்லி, அந்த மனிதருக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது என்பதையே ஊர் மறந்துவிட்டது. வந்தவர் தன் பெயர் இவான் தாமஸ் என்று சொன்னபோது எந்த இவான் தாமஸ் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு தப்பு நடந்திருக்காது.

"முத நாளு உள்ள வந்தாரு, மாடிப்படி எங்கன்னு கேக்கல, வெளக்கு எங்கன்னு கேக்கல. நேரா போயி அடுப்புல கரி அள்ளிப் போட்டாரு. போட்டுட்டு, பாப்பா தூங்குதான்னு கேட்டாரு. நாந்தாம்பா பாப்பான்னேன். ரொம்ப நேரம் பாத்தாரு. நரைச்சிருச்சேன்னாரு."

"ஊருக்குத் தெரிஞ்சா என்னக்கா ஆகும்?"

"அவரு அன்னைக்கே போயிச் சொல்லிருதேன்னுதான் தொப்பிய எடுத்தாரு. நாந்தான் வாசல மறிச்சிக்கிட்டு நின்னேன். ஒரு குளிர்காலம் மட்டும் இருக்கட்டும்பா, வீட்டுல நாலு பேரு காலு படட்டும்பான்னேன்." அவள் மறுபடி லீக் தண்டை அரிய ஆரம்பித்தாள். "இன்னொண்ணு பிள்ள. சின்ன வயசுலேருந்து எனக்கு ஒரு நெனப்பு, எனக்குப் பாலு வாங்க வழியில்லாமத்தான் அவரு எறங்கிட்டாருன்னு. நான் பெறக்காம இருந்திருந்தா இந்த ஊரு தோத்திருக்காதுன்னு. கடையில எவளாவது மூஞ்சியத் திருப்புனா, சரிதான், எனக்காகத்தானே எறங்குனாருன்னு நெனச்சுக்கிடுவேன். அதக் கேட்டேபுட்டேன் அவருட்ட."

"என்ன சொன்னாரு?"

பதில் படிக்கட்டிலிருந்து வந்தது. அவர் இறங்கி வந்து பாதியில் நின்றிருந்தார்.

"கிறிஸ்துமஸ் கச்சேரியில தனிப்பாட்டு எனக்குன்னு பேச்சு, டாக்டரம்மா" என்றார். "ரெண்டு வருஷமா எனக்குன்னு பேச்சு. கடைசியில வேலைநிறுத்தத்த நடத்துன சங்கத்துக்காரங்க எல்லாம் சேந்துக்கிட்டு அத குவிலிமோட அப்பனுக்குக் குடுத்துட்டாவ. அவன் சங்கத்துல செயலாளர்லா. சரி போங்கலேன்னு நான் சுரங்கத்துக்குப் போயிட்டேன்."

"அதுக்காகவா?" என்றேன்.

"எனக்குத்தான் தாரதா இருந்துது" என்றார் மறுபடியும், எழுபது வருஷம் மண்ணுக்குள் இருந்தும் அந்த வீம்பு கொஞ்சமும் மக்கியிருக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தண்டை அவர்மேல் எறியலாம் போலிருந்தது. ஆனால் நெஸ்டாக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசையில் தலையைச் சாய்த்து, கண்ணீர் வரச் சிரித்தாள். "பாட்டுக்காகவாம் பிள்ள! எனக்காக இல்லையாம்!" என்றாள். ஒரு மூட்டையை முதுகிலிருந்து இறக்கிவைத்தவள்தான் அப்படிச் சிரிக்க முடியும்.

இந்த நேரத்தில்தான் ஊருக்கு ஒரு யோசனை உதித்தது. மார்ச் முதல் நாள், அவர்கள் நாட்டுப் புனிதர் தாவீதின் நாள், அந்த ஊரில் பாட்டுக்கும் கவிதைக்கும் விழா எடுப்பார்கள். சிறந்தவரை மேடையில் ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு பெரிய நாற்காலியில் உட்காரவைப்பார்கள். ராகம் போட்ட இவான் தாமஸுக்கு உயிரோடு இருந்த காலத்தில் அந்த நாற்காலி கிடைக்கவில்லை, ஊருக்கு அது தீராத குறை. இப்போது ஆளே வந்துவிட்டார், உட்காரவைத்துவிடுவோம் என்றார் இட்ரிஸ். அதற்கு ஒரு முறை உண்டு. தலைவர் ஒரு நீள வாளை உறையிலிருந்து பாதி உருவிப் பிடித்துக்கொண்டு, சமாதானம் உண்டா என்று மூன்று தரம் கேட்பார். மூன்று தரமும் சபை சமாதானம் என்று சத்தம்போட வேண்டும். பிறகுதான் வாள் உறைக்குள் போகும், ஆள் நாற்காலியில் உட்காரலாம். ஒரே ஒரு ஆள் இல்லை என்றாலும் உட்காரமுடியாது. அப்படி யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

"நாக்காலியில உக்கார மாட்டேன்" என்றார் அவள் அப்பா. "அது இன்னொரு இவானோடது. அவரு கல்லறையில கெடக்காரு, நான் இங்கன பழரொட்டி தின்னுக்கிட்டிருக்கேன். அன்னைக்குப் பின்வாசல்ல போனவன் இதுலயும் பின்வாசலா?"

"உக்காராட்டி ஏன்னு கேப்பாவளே" என்றாள் நெஸ்டா.

"கேட்டா சொல்லிருவேன்."

அவள் அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த புதுக் கோப்பைகளைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று அவருக்குக் காய்ச்சல் என்று எழுதிக்கொடுங்கள் என்று ஆசீரிடம் கேட்டேன். ஒரு விழாவுக்குக் காய்ச்சல் எழுதலாம், அடுத்த விழாவுக்கு என்ன எழுத என்றார். மனுஷன் சரியாகத்தான் சொன்னார், அதற்காக ஒரு வாரம் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை.

விழாவன்று மண்டபம் நிறைந்து, ஜன்னல் மேடைகளிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் சட்டையிலும் மஞ்சள் பூ குத்தியிருந்தது. நெஸ்டா நடுவில் என் பக்கத்தில் இருந்தாள், முன்னும் பின்னும் இருந்தவர்கள் அவளிடம் திரும்பித் திரும்பி ரொட்டிப் பக்குவம் கேட்டார்கள், அவளும் பதில் சொன்னாள். அவள் அப்பாவை மேடைக்கு அழைத்துப் போய் நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினார்கள். இட்ரிஸ் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வாளைப் பாதி உருவினார். அது கனமான வாள், ரொட்டி மாவு பிசைந்த கையே அதற்குத் தடுமாறியது.

"சமாதானம் உண்டா?"

"சமாதானம்!" என்றது ஊர். கண்ணாடிகள் அதிர்ந்தன.

"சமாதானம் உண்டா?"

"சமாதானம்!"

"சமாதானம் உண்டா?"

மேடையில் அவர் வாயைத் திறந்தார். அதற்கு முன்னால் என் பக்கத்தில் நெஸ்டா எழுந்துவிட்டாள். கேட்டதற்கெல்லாம் சரி என்றே சொல்லி வந்தவள், எழுந்து நின்று இரண்டு கையாலும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, "இல்ல" என்றாள்.

மண்டபம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"இவரு ராகம் போட்டவரு இல்ல. எங்க அப்பா. பின்வாசல். எனக்கு முதல்லயே தெரியும், நாந்தான் மறைச்சேன். வீட்டுக்கு நீங்க எல்லாம் வந்தியளா, எனக்கு அது போயிருமேன்னு இருந்துது. அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. இன்னொருத்தரு நாக்காலியில அவரு உக்கார வேண்டாம்."

அவள் உட்காரவில்லை. எங்களைச் சுற்றியிருந்தவர்கள் அசையவும் இல்லை, ஆனால் முகங்கள் ஒவ்வொன்றாக அவளைவிட்டுத் திரும்புவதை நான் பார்த்தேன். மேடையில் இட்ரிஸ் பாதி வாளோடு நின்றார். சமாதானம் என்று சொல்லாமல் அதை உறைக்குள் போடமுடியாது. முழுதாக உருவுவது எப்படி என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

அப்போது குவிலிம் கம்பை ஊன்றி எழுந்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார். "சேப்பல்ல வாயத் தொறந்தாம்லா, அன்னைக்கே தெரியும். அந்தக் குரல எப்படி மறக்கும்? எனக்கு எட்டு வயசு இருக்கையில, அவன் சுரங்கத்துக்குப் போற வழியில கல்லெறிஞ்சவன் நான். நாக்காலியில உக்காருதானான்னு பாப்போம், உக்காந்தா எந்திரிச்சுச் சொல்லுவோம்னு இருந்தேன். இந்தப் பிள்ள முந்திக்கிட்டா." மேடையைப் பார்த்தார். "ஏம்வே போன? அத மட்டும் சொல்லு. எழுவது வருஷமா கேக்கணும்னு இருக்கேன்."

அவர் சொன்னார். தனிப்பாட்டு, சங்கம், குவிலிமின் அப்பா, எல்லாவற்றையும், ஒன்றையும் நல்லபடியாக மாற்றாமல் சொன்னார். கூட்டத்தில் ஒருவர் சிரிக்கப்போய் இருமலாக்கிக்கொண்டார்.

"கச்சேரியே நடக்கலவே" என்றார் குவிலிம்.

"என்னது?"

"அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கச்சேரியே நடக்கல. பட்டினியில எவன் பாடுவான்? எங்க அப்பனும் பாடல, ஒருத்தனும் பாடல. அந்த வாரந்தான் எங்க தங்கச்சி ஓல்வென் பாப்பா செத்தா. அம்மைக்குப் பால் வத்திப்போச்சு. அதுக்கும் நாங்க பாடல, பாட சத்தில்ல."

இவான் தாமஸ் அப்போதுதான் உட்கார்ந்தார், நாற்காலியில் இல்லை, மேடைப் பலகையில். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இட்ரிஸ் முறையில் இல்லாத ஒன்றைச் செய்தார். நாலாவது தரமாக, சபையைப் பார்த்து இல்லை, குவிலிமைப் பார்த்து, மெதுவான குரலில் கேட்டார்.

"சமாதானம் உண்டா, குவிலிம்?"

கிழவர் யோசித்தார். மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் இவானைப் பார்த்தார், பிறகு இன்னும் நின்றுகொண்டிருந்த நெஸ்டாவைப் பார்த்தார்.

"அவனுக்கு இல்ல" என்றார். "அது எங்கிட்ட இல்லாத சாமான், எங்கருந்து குடுப்பேன்? ஆனா அந்தப் பிள்ளைக்கு உண்டு. அது என்ன செஞ்சுது? கைக்குழந்த."

முன்வரிசையில் ஒரு பெண், "நெஸ்டாவுக்குச் சமாதானம்" என்றாள், சாதாரணமாகப் பேசுகிற குரலில். பின்னால் ஒருவர் சொன்னார். ஜன்னலிலிருந்து ஒருவர் சொன்னார். சத்தமே போடாமல், ஒருவர் மாற்றி ஒருவராக, மண்டபம் முழுக்கச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. இட்ரிஸ் வாளை உறையில் போட்டார். எழுபது வயதுக்குமேல் ஆன அந்தப் பிள்ளை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன்.

அந்த வருஷம் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. இவான் தாமஸ் எங்கும் மறைந்து போகவும் இல்லை. மகள் வீட்டில்தான் இருந்தார், கரி அள்ளிப் போட்டார், இருமல் மருந்தை வேளை தவறாமல் குடித்தார். ஊரில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. அவரும் அதை அநியாயம் என்று சொல்லவில்லை. மத்தியானம் பெண்கள் நெஸ்டாவின் அடுப்படிக்கு வருகிற நேரத்துக்கு முன்னால் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு மலைமேல் நடக்கப் போய்விடுவார், மழையானாலும் போவார், கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தபிறகுதான் இறங்கி வருவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேப்பலுக்குச் சேர்ந்து போவார்கள், நரைத்த மகளும் கறுத்த தலைமுடியோடு அப்பாவும். எதிரே யாராவது வருவது தெரிந்தால் போதும், அவர் நின்று, குனிந்து, பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிடுவார். நெஸ்டா நாலு எட்டு முன்னால் போயிருப்பாள். வருகிறவர்கள் அவளைப் பார்த்து, "வாரியளா நெஸ்டா, நல்லா இருக்கியளா?" என்று கேட்பார்கள், அவளும் நின்று நாலு வார்த்தை பேசுவாள். அவர்கள் தாண்டிப் போகும்வரை அவர் நிமிரமாட்டார். நான் பக்கத்திலிருந்தே பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கயிறு ஒருதரம்கூட அவிழ்ந்திருந்ததில்லை.